எம்ஜிபி: இருவராக வாங்கி, இருவராகச் செப்பனிடுவது எப்படி

இங்கிலாந்தில் இருக்கும் ஒரு தம்பதி, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கித் தங்கள் கையாலேயே சரிசெய்ய ஆசைப்பட்டால், நாங்கள் முதலில் சொல்லும் பெயர் எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று வேலை நின்றுபோகாது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் முழு பாடியையே புதிதாக அடித்துத் தருகிறது. இன்ஜினும் நம்மவர்களுக்கு அந்நியமில்லை. இதில் இருக்கும் 1798 சிசி இன்ஜின், அம்பாசடர் காரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினின் உடன்பிறப்பு. இரண்டும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பம். அம்பாசடருக்கு டேப்பட் (வால்வ் இடைவெளி) வைத்த கை இந்த இன்ஜினைத் திறந்தால் தடுமாறாது.

இப்படிப்பட்ட வண்டிகூட பாதியில் நின்று, பெட்டி பெட்டியாக உதிரிகளோடு விற்பனைக்கு வருவதுண்டு. காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, உற்சாகத்தில் வண்டி முழுவதையும் ஒரே மாதத்தில் பிரித்துப் போட்டுவிடுவது. இன்னொன்று, இருவரில் ஒருவர் மெக்கானிக்காகவும் மற்றவர் டார்ச் பிடிக்கும் ஆளாகவும் ஆகிவிடுவது. டார்ச் பிடிப்பவர் நாலு வாரத்தில் வீட்டுக்குள் போய்விடுவார். கராஜில் தனியாக நிற்பவர் நாலு மாதத்தில் சலித்துவிடுவார். கீழே சொல்லும் முறை இந்த இரண்டும் நடக்காமல் இருக்க அமைத்தது.

வாங்குவதற்கு முன் எழுத வேண்டியவை

ஒரு தாளில் மூன்று தொகைகளை எழுதுங்கள்: வண்டிக்கு அதிகபட்சம் எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு தாண்டினால் நிறுத்திவிட்டு விற்பது. மூன்றாவது தொகையை எழுதத்தான் யாருக்கும் மனம் வராது. ஆனால் சண்டை வருவது அதில்தான்.

வி5சி பதிவுச் சான்றிதழில் பெயர் இருப்பவர் பொறுப்பாளர் மட்டுமே. சட்டப்படி உரிமையாளர் என்று அதற்கு அர்த்தமில்லை. அதனால் விற்பவர் தரும் ரசீதில் இருவர் பெயரையும் எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் ஒப்புக்கொண்ட மதிப்பு (வண்டி போனால் தரும் தொகையை முன்பே பேசி முடிப்பது) என்ற வகையைக் கேளுங்கள், இருவரையும் ஓட்டுநராகச் சேருங்கள். சாலையில் ஓட்டாமல் கராஜில் நிற்கும் காலத்துக்கு சோர்ன் (வண்டி சாலையில் ஓடவில்லை என்ற அரசு) அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அப்போதும் தீ, திருட்டுக்கான காப்பீடு வேண்டும், ஏனென்றால் வெல்டிங் நடக்கப்போவது அதே கராஜில்.

வண்டியின் நீளம் ஆண்டைப் பொறுத்து 3.9 முதல் 4 மீட்டர் சொச்சம் வரை, அகலம் ஒன்றரை மீட்டர் சொச்சம். கராஜில் வண்டி நுழைந்தால் போதாது. கதவை முழுதாகத் திறக்கவும், பக்கவாட்டில் படுத்து வேலை செய்யவும் இடம் வேண்டும். கழற்றிய பாகங்கள் வண்டியைவிட அதிக இடத்தைப் பிடிக்கும்.

குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறீர்கள், அல்லது வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்றால், இதைக் கட்டாயம் கவனியுங்கள். பழைய பெயிண்டிலும் பாடி இணைப்புகளில் நிரப்பிய பற்றிலும் ஈயம் இருக்கும். பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பெயிண்டைத் தேய்த்து எடுப்பது, தின்னர் வைத்துத் துடைப்பது ஆகிய வேலைகளைக் கர்ப்பிணி செய்யக்கூடாது. செய்தவரின் உடுப்பும் வீட்டுத் துணியோடு மெஷினில் போகக்கூடாது. பிரேக் தூசியைக் கம்ப்ரசரால் ஊதவே ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

எந்த ஆண்டு வண்டி

1967 வரை வந்தவை முதல் வரிசை. இவற்றில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, டைனமோதான், பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த். 1964 அக்டோபருக்கு முந்தைய இன்ஜினில் கிராங்க்குக்கு மூன்று பேரிங்தான், அதன்பின் ஐந்து. இன்ஜின் எண் 18ஜி அல்லது 18ஜிஏ என்று தொடங்கினால் மூன்று, 18ஜிபி என்றால் ஐந்து. 1967 இறுதியில் வந்த இரண்டாம் வரிசையில் நான்கு கியருக்கும் சிங்க்ரோ, ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த் எல்லாம் வந்துவிட்டன. 1974 இறுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் பொருத்தி, வண்டியின் உயரத்தையும் ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள். வளைவில் சாய்வது அதிகமானது. 1976 நடுவில் பின்புறமும் ஆன்டி ரோல் பார் கொடுத்து அதை ஓரளவு சரிசெய்தார்கள்.

முதல்முறை இறங்கும் தம்பதிக்கு எங்கள் சிபாரிசு, 1968 முதல் 1974 வரையிலான குரோம் பம்பர் வண்டி. பணம் இடித்தால் 1976க்குப் பிந்தைய ரப்பர் பம்பர் எடுங்கள்; இரும்பு ஒன்றுதான், விலை குறைவு. 1965இல் வந்த ஜிடி மாடலையும் ஒதுக்கிவிடாதீர்கள். இரும்புக் கூரை இருப்பதால் பாடி விறைப்பாக நிற்கும், துணிக் கூரைச் செலவு இல்லை, மழை நாட்டில் வருடம் முழுக்க ஓட்டலாம். திறந்த வண்டிதான் வேண்டும் என்று இருவரும் மனதார விரும்பினால் மட்டும் ரோட்ஸ்டர் எடுங்கள். ஒருவர் மட்டும் விரும்பினால், மற்றவர் ஜனவரி மழையில் பக்கத்தில் உட்கார மாட்டார்.

பார்க்கப் போகும் நாள்

இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடிதான் சேசிஸ். அந்த பாடியின் முதுகெலும்பு, கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் பேனல். வெளித்தகடு, நடுவே செங்குத்தான உள்தகடு, அடியில் காஸில் ரெயில் என்று பல தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த பெட்டி அது. இன்ஜின், கியர்பாக்ஸ், சீட் எல்லாம் போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை. சில் போனால் வண்டி நடுவில் மடிகிறது. ஆகவே பாடியைப் பார்த்து வாங்குங்கள். இன்ஜின் சத்தத்தில் மயங்கி வாங்காதீர்கள்.

இருவராகப் போவதன் பலன் இங்கே தெரியும். ஒருவர் விற்பவரோடு பேசிக் காகிதங்களைப் பார்க்கட்டும். மற்றவர் பழைய பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுக்கட்டும். அரை மணி கழித்து இடம் மாறுங்கள். பார்த்ததைத் தனித்தனி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், விற்பவர் முன்னால் ஒப்பிடாதீர்கள். வீட்டுக்கு வந்து இரு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அன்றைக்கே முன்பணம் கொடுப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், நல்ல டார்ச், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தம் அளப்பது), கையுறை. காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. முன் மட்கார்டின் கீழ்முனை, அதன் மேல்பகுதியில் பானெட்டுக்குப் பின்னால் சேறு தங்கும் இடம், கதவின் அடி, பின்சக்கரத்துக்கு முன்னால் நாய்க்கால் போல வளையும் பகுதி, இங்கெல்லாம் காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். பிறகு கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத் தகட்டையும், சீட்டுக்குப் பின்னால் மூடியைத் திறந்து பேட்டரிப் பெட்டியையும் பாருங்கள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே இருந்தன. சிந்திய ஆசிட் பெட்டியின் அடியைத் தின்றிருக்கும். பின் ஸ்பிரிங்கான லீஃப் பட்டையின் முன்முனை பாடியோடு சேரும் இடம் மிக முக்கியம். அங்கே தகடு நொறுங்கினால் பின் ஆக்சிலைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை.

சில்லுக்கு ஒரு சோதனை உண்டு. விற்பவரின் அனுமதியோடு, சில்லின் நடுவில் இருக்கும் ஜாக்கி இடத்தில் வைத்துத் தூக்குங்கள். ஒருவர் தூக்க, மற்றவர் கதவின் பின்விளிம்பு இடைவெளியைப் பார்க்க வேண்டும். வண்டி எழும்போது அந்த இடைவெளி மாறினாலோ, கதவு இடித்துக்கொண்டு மூட மறுத்தாலோ சில் உயிரோடு இல்லை. ஜாக்கி தகட்டுக்குள் புதைந்தால் சொல்லவே வேண்டாம். இன்னொரு ஏமாற்று, துருப்பிடித்த சில்லின் மேலேயே புதுத் தகட்டை மூடிப் பற்றவைத்துப் பெயிண்ட் அடிப்பது. அசல் சில் முன் மட்கார்டுக்கு உள்ளேயும், பின் மட்கார்டின் நாய்க்காலுக்கு உள்ளேயும் தொடர்ந்து போகும். மட்கார்டின் விளிம்போடு நின்றுவிட்டால் அது மூடிதான்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மற்றவர் பிரேக்கை அழுத்தட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு). இரண்டின் செலவுக்கும் பெரிய வித்தியாசம். ஸ்போக்ஸ் வீல் என்றால், பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். டொக் என்று சத்தம் வந்தால் ஹப்பின் பற்களும் வீலின் பற்களும் தேய்ந்துவிட்டன. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த ஹப்பில் புது வீலைப் போட்டால் அதையும் தின்றுவிடும்.

இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். போனதும் ராக்கர் கவரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் வரும் சத்தத்தையோ புகையையோ உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சூடானபின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல் நிற்க வேண்டும், ஐடிலில் 15க்குக் கீழே போகக்கூடாது. ஆயில் மூடியில் பால் கலந்ததுபோல வெண்மை இருந்தால் ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டில் விரிசலையோ சந்தேகப்படுங்கள். நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஓவர்டிரைவ் (இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் மூன்றாவது, நான்காவது கியரில் போட்டுப் பாருங்கள், அவற்றில் மட்டுமே அது வேலை செய்யும்; கடைசி ஆண்டுகளின் வண்டிகளில் நான்காவதில் மட்டும்.

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பாடி நன்றாக இருந்து இன்ஜின் செத்திருக்கும் வண்டியை வாங்கலாம். இன்ஜின் பாடிக்கொண்டிருக்க, சில் செத்திருக்கும் வண்டியை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

பிரிக்காதீர்கள். முதல் மாதம் வண்டியைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும். ஆயில் மாற்றுங்கள். ஃபில்டரோடு சேர்த்து 4.2 லிட்டர் அளவு பிடிக்கும், 20டபிள்யூ50 போடுங்கள். கியர்பாக்ஸிலும் ஓவர்டிரைவிலும் அதே இன்ஜின் ஆயில்தான் போகும். கியர் ஆயிலை ஊற்றினால் ஓவர்டிரைவ் சரியாக வேலை செய்யாது. ரப்பர் பெட்ரோல் குழாய்களை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஆர்9 தரக் குழாய் போடுங்கள். 2021 முதல் இங்கிலாந்து பெட்ரோல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதில் ஊறி வெடித்துக் கசியும், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது.

அதன்பின் வண்டியை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பிரேக், சஸ்பென்ஷன், பாடி, இன்ஜினும் கியர்பாக்ஸும், வயரிங்கும் உள்ளலங்காரமும். ஒரு பகுதி முடிந்து வண்டி தன் சக்கரத்தில் உருளும் நிலைக்கு வந்தபின்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பொறுப்பு. பொறுப்பு என்றால் கையேட்டைப் படிப்பது, உதிரி வாங்குவது, முடிவெடுப்பது எல்லாமே அவர்தான், மற்றவர் உதவி. அடுத்த பகுதியில் இடம் மாறும். கார் வேலை ஏற்கெனவே தெரிந்தவர் எளிதான பகுதியை எடுத்துக்கொண்டு, தெரியாதவருக்கு பிரேக்கைக் கொடுப்பது நல்ல தொடக்கம். சின்ன வேலை, தெளிவான வேலை, முடித்தால் பலன் காலுக்கடியில் தெரியும்.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் ஜிப் பையில் போக வேண்டும். பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே மார்க்கரில் எழுத்து, கழற்றும் முன் இரண்டு புகைப்படம். வெளியே எழுதியது எண்ணெய் பட்டு அழியும், அதனால்தான் உள்ளே சீட்டு. கருவி வாங்கும்போது அங்குல அளவு ஸ்பானர்கள் கேளுங்கள்: 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றும் பாதி வண்டியைக் கழற்றிவிடும். மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து ஒப்பேற்றினால் போல்ட் தலை உருண்டுவிடும்.

பிரேக்

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ரப்பர் ஹோஸ்களைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். உள்ளே வீங்கி அடைத்திருந்தால், பெடலை விட்டபின்னும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. மூன்றையும் மாற்றிவிடுங்கள். இரும்புப் பைப்புக்குப் பதில் செம்பு நிக்கல் கலப்புப் பைப் போட்டால் துரு தொல்லை இல்லை.

பிரேக் குழாய்களில் ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். சக்கரத்தின் பிரேக்கில் இருக்கும் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையை டாட் 4 திரவம் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து "மிதி" என்றதும் மேலே இருப்பவர் மெதுவாக அடிவரை மிதித்து, அங்கேயே பிடித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். கீழே நிப்பிளை மூடியபிறகுதான் "விடு". அந்த வார்த்தை வரும் முன் கால் எழுந்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், எல்லாம் முதலிலிருந்து. நாலு மிதிக்கு ஒருமுறை பிரேக் திரவ டேங்கில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் திரவம் பெயிண்டில் சொட்டினால் தண்ணீர் ஊற்றி உடனே கழுவுங்கள், விட்டால் பெயிண்ட் உரிந்துவரும்.

சஸ்பென்ஷனைப் பற்றிச் சுருக்கமாக: கிங்பின்களில் இருக்கும் கிரீஸ் நிப்பிள் ஒரு பக்கத்துக்கு மூன்று. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் பாரம் இறங்கியபின் கிரீஸ் அடித்தால்தான் சரியாக உள்ளே போகும். சாக் அப்சார்பர் நெம்புகோல் வகை. ஆயில் கசிந்தால் பழுதுபார்த்த யூனிட்டை மாற்றுவதே மேல்.

சில் மாற்றுவது

கடினமான பகுதி இதுதான். மிக் வெல்டிங் பழகாதவர்கள், இரண்டு மாதம் கழிவுத் தகட்டில் பழகாமல் வண்டியைத் தொட வேண்டாம். பயிற்சித் தகட்டைப் பற்றவைத்து, வைஸில் கடித்து, சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். பற்று விடாமல் தகடு கிழிந்தால் தயார்.

தொடங்கும் முன் பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே கொண்டுபோய் வையுங்கள். டிக்கித் தகட்டுக்கும் டேங்கின் மேல்புறத்துக்கும் நடுவே ஈரம் தங்கித் துரு ஓட்டை விழும். அதையும் இப்போதே பார்த்துவிடலாம். வெல்டிங் நடக்கும்போது ஒருவர் பற்றவைக்க, மற்றவர் தீயணைப்பானோடு தகட்டின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கார்ப்பெட் பசை, பழைய அண்டர்சீல் எல்லாம் புகையாமலே கனன்று, அரை மணி கழித்துப் பற்றும். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் கராஜைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

வரிசை இது. வண்டியை முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் இடங்களில் தாங்குங்கள், நடுவில் ஜாக்கி வேண்டாம். கதவு மாட்டியே இருக்கட்டும். இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக, ஏறக்குறைய 4 மி.மீ. வரும்வரை தாங்கிகளைச் சரிசெய்யுங்கள். வந்தபின், கதவுக் கீல் தூணையும் பின் தூணையும் இணைத்து இரும்புச் சட்டம் ஒன்றைத் தற்காலிகமாகப் பற்றவையுங்கள். அதன்பிறகுதான் வெட்டு. ஒரு பக்கம் முழுவதும் முடியாமல் மறுபக்கத்தைத் தொடக்கூடாது. சட்டம் வைக்காமல் இரண்டு பக்கமும் வெட்டினால் பாடி நடுவில் இறங்கி, அப்படியே புதுத் தகட்டில் உறைந்துவிடும். பிறகு எந்தக் கதவும் மூடாது, அதைத் திருத்த வழி மறுபடி வெட்டுவதுதான்.

முன் மட்கார்டைக் கழற்றுங்கள். போல்ட்கள் துருவில் இறுகியிருக்கும், இரண்டு நாள் முன்பிருந்தே ஊடுருவும் எண்ணெய் அடியுங்கள். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்தால்தான் சில்லின் பின்முனை தெரியும். பழைய வெளித்தகடு, உள்தகடு, காஸில் ரெயில் எல்லாவற்றையும் நல்ல இரும்பு தெரியும்வரை எடுங்கள். ஆசையில் துருத்தகடு ஒன்றை விட்டுவைத்தால் அதன்மேல் பற்று நிற்காது. புது விளிம்பில் 25 முதல் 30 மி.மீ. இடைவெளியில் 6 மி.மீ. துளை போட்டு, துளை வழியே பற்றவைத்து நிரப்புங்கள். தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டுக்கு இது ஈடு. தகடுகள் தொடும் முகங்களில் வெல்டிங்குக்கான துத்தநாகப் பிரைமர் பூசுங்கள். முழுவதும் பற்றவைக்கும் முன் கிளாம்பில் பிடித்து, கதவை ஒருவர் உள்ளிருந்தும் ஒருவர் வெளியிலிருந்தும் பத்துமுறை திறந்து மூடுங்கள். எங்கேனும் இடித்தால் இப்போதே நகர்த்துங்கள். ஓரிடத்தில் தொடர்ந்து வைக்காமல் முன், பின், நடு என்று தாவித் தாவி வையுங்கள். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு முறுக்கிக்கொள்ளும்.

பெயிண்ட் வேலையெல்லாம் முடிந்தபின் பெட்டிக்குள் மெழுகு அடிப்பதை மறக்காதீர்கள். சில்லின் அடியில் இருக்கும் நீர்ப்போக்குத் துளைகளை மெழுகு அடைக்கக்கூடாது.

பெயிண்டை வெளியே கொடுத்துவிடுங்கள். 2கே (கெட்டியாக்கி கலந்து அடிக்கும்) பெயிண்டின் ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்குக் கேடு. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் முறையான பூத்தும் இல்லாமல் வீட்டுக் கராஜில் அடிக்கக்கூடாது. பிரைமருக்கு முந்தைய பட்டி வேலையும் தேய்ப்பும் வரை நீங்களே செய்தால் செலவு கணிசமாக மிச்சமாகும்.

இன்ஜின்

எம்ஜிபியில் கிளட்ச் மாற்ற இன்ஜினை வெளியே எடுத்தே ஆக வேண்டும். கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்க முடியாது. ஆகவே இன்ஜின் வெளியே வந்தால், கிளட்ச் நன்றாக இருந்தாலும் தட்டு, கவர், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள். ரிலீஸ் பேரிங் கார்பன் வகை. பெடலில் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கம் அதைத் தின்றுவிடும்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகத் தூக்குவதே எங்கள் வழக்கம். பானெட்டை இருவராகக் கழற்றுங்கள், கீல் இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது இடைவெளி சரியாக வரும். ரேடியேட்டர், கார்பரேட்டர், பைப்புகள், புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் எடுத்தபின், சாய்வைக் கூட்டிக் குறைக்கும் லெவலரோடு கிரேனில் மாட்டுங்கள். ஒருவர் கிரேன், ஒருவர் கியர்பாக்ஸ் பக்கம். பேச வேண்டியவர் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பவர் மட்டுமே, இருவரும் கட்டளையிட்டால் ஆபத்து. தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கை, கால் எதுவும் போகக்கூடாது.

ஹெட்டைப் பணிமனைக்குக் கொடுக்கும்போது கெட்டியான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போடச் சொல்லுங்கள். ஈயமில்லா பெட்ரோலில் பழைய சீட் மெல்ல உள்ளே போய் டேப்பட் இடைவெளியை விழுங்கிவிடும். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், 50 பவுண்டு அடி வரை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

டேப்பட் இடைவெளி, குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இதையும் இருவராகச் செய்தால் இருபது நிமிட வேலை. பிளக்குகளைக் கழற்றி, நான்காவது கியரில் போட்டு, ஒருவர் வண்டியை மெல்லத் தள்ள இன்ஜின் சுற்றும். எட்டாம் வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அளக்க வேண்டும், ஏழாவது திறந்தால் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் 0.015 அங்குலம், ஃபயரிங் வரிசை 1, 3, 4, 2.

வயரிங்

லூக்காஸ் நிறுவனத்தின் வயரிங்குக்குக் கெட்ட பெயர் உண்டு, ஆனால் பெரும்பாலான கோளாறு எர்த்திலும், துருப்பிடித்த புல்லட் இணைப்புகளிலும்தான். நிறங்களைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை இக்னிஷன் போட்டால் வருவது. பச்சை அதுவே ஃபியூஸ் வழியாக. ஊதா எப்போதும் உள்ளது, ஃபியூஸ் வழியாக. கறுப்பு எர்த். ஹெட்லைட் நீலம், பக்க விளக்குகள் சிவப்பு. இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சுரண்டி, வேஸலின் தடவி மாட்டுங்கள். வயர் உறை நொறுங்கியிருந்தால் மட்டும் முழு ஹார்னஸ் (வயர் கட்டு) வாங்குங்கள்.

இங்கே வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. ரோட்ஸ்டரின் முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடிக்கும் போல்ட்கள் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கின்றன. டேஷைப் பொருத்திவிட்டுக் கண்ணாடிக்கு வந்தால் கை போகாது. முதலில் ஹீட்டர் பெட்டி, பிறகு கண்ணாடி, கடைசியில் டேஷ். கண்ணாடியை ஒருவர் மேலிருந்து அழுத்தி ரப்பரை நசுக்கிப் பிடிக்க, மற்றவர் போல்ட் போட வேண்டும். துணிக்கூரையை வெயில் அடிக்கும் நாளில் மாட்டுங்கள், குளிரில் அது இழுபடாது.

முதல் ஸ்டார்ட்

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். முள் எழாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கேம்ஷாஃப்ட் புதிதென்றால், பற்றிய உடனே சுற்று 2000க்கு ஏற்றி, இருபது நிமிடம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். ஐடிலில் விட்டால் கேமுக்கு எண்ணெய் தெறிப்பு போதாமல் முனைகள் தேய்ந்துவிடும். ஒருவர் கேஜ்களைப் பார்க்கட்டும், ஒருவர் இன்ஜின் பக்கம் தண்ணீர், ஆயில், பெட்ரோல் கசிவைப் பார்க்கட்டும். பெட்ரோல் வாடை வந்தால் கேள்வி கேட்காமல் சாவியைத் திருப்பி நிறுத்துங்கள்.

ஜெட் நட்டு இருக்கும் இரட்டை எஸ்யூ கார்பரேட்டரில் அந்த நட்டை மேல்வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்குங்கள். முதலில் காற்றைச் சமன்செய்ய வேண்டும். சிறு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டர் வாயிலும் பிடித்து, இரண்டிலும் சீறல் ஒரே அளவு கேட்கும்வரை திருகுங்கள். பிறகு கலவை. கார்பரேட்டரின் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்கிப் பாருங்கள். சுற்று சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே ஏற்றுங்கள். தடுமாறி அணைந்தால் குறைவு, கீழே இறக்குங்கள். ஒருமுறைக்கு நட்டின் ஒரு முகம்தான், அதற்கு மேல் திருகாதீர்கள்.

40 ஆண்டு தாண்டி, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே முதல் எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. ஆனாலும் சாலையில் இறக்கும் முன் விருப்பத்தின் பேரில் ஒன்று எடுத்துவிடுங்கள். உங்கள் இருவர் கண்ணும் மாதக்கணக்காகப் பார்த்துப் பழகிவிட்டதால் தவறவிட்டதை மூன்றாவது கண் பிடிக்கும். முதல் 500 மைலில் 3000 சுற்றைத் தாண்டாதீர்கள், அதே சுற்றில் நீண்ட நேரம் ஓட்டவும் வேண்டாம். 500இல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, இன்ஜின் குளிர்ந்தபின் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பார்த்து, டேப்பட்டை மறுபடி வைத்து, ஸ்போக்ஸ் வீல் என்றால் நடு நட்டுகளைச் செம்புச் சுத்தியலால் தட்டிச் சரிபாருங்கள். சாவியை இருவரும் முறைவைத்து எடுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத்தான் பின் ஆக்சில் சத்தம் முதலில் கேட்கும்.